பள்ளிகளில் மாணவர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை நடத்தலாமா?

பள்ளிக்குப் பக்கத்திலேயே கஞ்சாவும் போதை மாத்திரையும் கிடைக்கின்றன என்ற பேச்சு பரவியிருப்பதால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் அனைவருக்கும் முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர் வற்புறுத்துகிறார்கள். அது பயன் தருமா, சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா என்பது கேள்வி. எல்லோருக்கும் பொதுவாகவோ குலுக்கல் முறையிலோ பள்ளியே நடத்தும் பரிசோதனை வேண்டாம் என்பது என் பதில். ஒரு குறிப்பிட்ட மாணவரின் நிலை கவலை தரும்போது, அவருடைய ஒப்புதலோடும் பெற்றோரின் ஒப்புதலோடும், மருத்துவர் தம் சிகிச்சையின் ஒரு பகுதியாகச் செய்யும் பரிசோதனை வேறு. அதை நான் எதிர்க்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கூட்டங்களில் பேச்சு திசைமாறிப் போகிறது.

பிரச்சினை சிறியது என்று நினைத்து இப்படிச் சொல்லவில்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட ஒரே போதை வகை, பசை, ஒயிட்னர் போன்ற முகர்ந்து போதையேற்றும் பொருள்கள்தாம் என்று தெரியவந்தது, ஏறத்தாழ 4.6 லட்சம் சிறுவர்களுக்கு இந்தப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவை என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. கவலைப்படும் பெற்றோர் வீணாகக் கவலைப்படவில்லை. அவர்கள் கையிலெடுக்க நினைக்கும் கருவி அந்தக் கவலைக்கு ஏற்றதுதானா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இந்த முறையை மிக விரிவாகச் செய்துபார்த்த நாடு அமெரிக்கா. ஓரிகன் மாநிலத்தில், மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த வெர்னோனியா என்ற சிற்றூரில், 1980-களின் இறுதியில் மாணவர்களிடையே போதைப் பழக்கமும் ஒழுங்கீனமும் பெருகின. விளையாட்டு அணியினரே அதில் முன்னணியில் நின்றதாகப் பள்ளி நிர்வாகம் கருதியது. எனவே 1989-இல், அணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு பரிசோதனை, அதன்பிறகு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கினரைக் குலுக்கலில் எடுத்துப் பரிசோதனை என்று விதி வந்தது. 1991-இல் ஏழாம் வகுப்பில் படித்த ஜேம்ஸ் ஆக்டன் என்ற சிறுவன் கால்பந்து ஆட விரும்பினான். அவன்மீது யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாதபோது எதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவனுடைய பெற்றோர் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1995-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளி வென்றது. விளையாட்டு வீரர்கள் உடைமாற்றும் அறையில் ஏற்கெனவே ஒருவர்முன் ஒருவர் உடைமாற்றுகிறவர்கள், அவர்கள் எதிர்பார்க்கக்கூடிய அந்தரங்கம் குறைவு என்பது தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதங்களில் ஒன்று. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஓ'கானர், சந்தேகத்துக்கு இடமான மாணவரை மட்டும் சோதிக்கும் எளிய வழி இருக்கையில் குற்றமற்ற அத்தனை பேரையும் சோதிப்பானேன் என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்கு இன்றுவரை சரியான விடை கிடைத்ததாகத் தோன்றவில்லை.

ஒருமுறை திறந்த கதவு அதோடு நிற்கவில்லை. ஒக்லஹோமா மாநிலத்தின் டெகம்சே ஊர்ப் பள்ளி, விளையாட்டு மட்டுமல்லாமல் பாட்டுக் குழு, இசைக்குழு, வினாடிவினா அணி என்று போட்டிகளுக்குச் செல்லும் எல்லாக் குழுவினரையும் சோதிக்க முனைந்தது. பாட்டுக் குழுவிலும் இசைக்குழுவிலும் இருந்த, நன்றாகப் படிக்கும் மாணவி லிண்ட்சே எர்ல்ஸ் வழக்குத் தொடர்ந்தார். 2002-இல் ஐந்துக்கு நான்கு என்று பள்ளியே மறுபடி வென்றது. அந்த வழக்கில் என் மனத்தில் தங்கியது சட்டத் தத்துவம் அன்று. மருந்துகளால் முடிவு மாறக்கூடும் என்பதால் மாணவர்கள் தாங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை முன்கூட்டியே தர வேண்டியிருந்தது; அந்தப் பட்டியலைப் பாட்டு ஆசிரியர் மற்ற மாணவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டார் என்ற புகாரை மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் குறிப்பிட்டார். யாருக்கு வலிப்பு நோய், யார் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் வகுப்பறைக்கு வந்து சேரும்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் காட்டி "அமெரிக்காவிலேயே அனுமதித்துவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவை விருப்பப்பட்டுச் சேரும் குழுக்களைப் பற்றியவை. உங்கள் கூட்டத்தில் கேட்கப்பட்டதற்கு மிக நெருங்கிய வழக்கு, மேற்கு டெக்சஸில் லாக்னி என்ற ஊரில் நடந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயப் பரிசோதனை, பெற்றோர் ஒப்புதல் தர மறுத்தால் போதை எடுத்ததாகவே கொள்ளப்படும் என்பது அங்கிருந்த விதி. ஊரே ஒப்புக்கொண்டபோது ஒரு விவசாயித் தந்தை மட்டும் கையெழுத்திட மறுத்தார். 2001-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அந்த விதியை அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது.

செய்யலாமா என்பதற்கு நீதிமன்றம் விடை சொல்லும். செய்தால் பலன் உண்டா என்பதை ஆய்வுகள்தாம் சொல்ல முடியும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல், ஏறத்தாழ 76,000 மாணவர்களின் தரவை வைத்து, பரிசோதனை நடத்தும் பள்ளிகளையும் நடத்தாத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். போதைப் பயன்பாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே அதிபர் புஷ், இத்தகைய பரிசோதனைக்காகக் கூடுதலாக 2.3 கோடி டாலர் ஒதுக்கப்போவதாக நாடாளுமன்ற உரையில் அறிவித்தார் என்பது வேறு கதை. பரிசோதனைக்குச் சாதகமாக எடுத்துச் சொல்லக்கூடிய ஆய்வும் ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 36 உயர்நிலைப் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தது. 2010-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு உட்பட்ட குழுக்களில் கடந்த 30 நாளில் போதை எடுத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 16 விழுக்காடு, பரிசோதனை இல்லாத பள்ளிகளின் அதேபோன்ற குழுக்களில் சுமார் 22 விழுக்காடு. ஆனால், இனிமேல் போதை எடுக்கக்கூடுமா என்று கேட்டபோது இரு தரப்பும் ஒரே அளவில்தான் ஆம் என்றன. அதே பள்ளிகளில் பரிசோதனைக்கு உட்படாத மற்ற மாணவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. பிடிபடும் அபாயம் இருக்கும் நாள்களில் சிலர் ஒதுங்கியிருந்தார்கள், எண்ணம் மாறவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஓரிகனில் விளையாட்டு வீரர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2007-இல் வெளியானது. அதில் கடந்த ஒரு மாதப் பயன்பாட்டில் வேறுபாடு இல்லை, மாறாகப் போதைக்கு இட்டுச்செல்லும் மனநிலைகளில் சில பரிசோதனைக்கு உட்பட்டவர்களிடம் கூடியிருந்தன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2015-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், பள்ளிகள் குலுக்கல் முறையில் பரிசோதிப்பதை ஆதரிக்க முடியாது என்று சொன்னதற்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை.

இனிப் பரிசோதனையின் உட்புறத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் கூட்டங்களில் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பள்ளிகள் வாங்கக்கூடியது மருந்துக்கடையில் கிடைக்கும் கார்டு வகை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பட்டை இருக்கும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் கோடு விழுந்தால் "இருக்கிறது" என்று நினைப்பார்கள். போதைக் கார்டில் நேர்மாறு. கோடு தோன்றினால் அந்தப் பொருள் வரம்புக்குக் கீழே இருக்கிறது, தோன்றாவிட்டால்தான் மேலும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மங்கலாக ஒரு கோடு விழுந்தாலும் அது "இல்லை" என்றே கொள்ளப்பட வேண்டும். பயிற்சியில்லாத உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவசரத்தில் அறுபது கார்டுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

மாதிரி எடுப்பதும் எளிதன்று. முறையான இடங்களில், கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் சிறுநீரின் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நீர் கலந்திருக்கிறதா என்றறிய, சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்ப்பார்கள், அங்குள்ள நீரை எடுத்துக் கலந்தால் தெரிந்துவிடும்படி கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்து வைப்பார்கள். இவ்வளவும் செய்யாவிட்டால் வேறொருவர் சிறுநீரைச் சிறு புட்டியில் கொண்டுவருவது மாணவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இவ்வளவும் செய்தால், பதினைந்து வயதுப் பெண்ணை மாதவிடாய் நாளில் ஆசிரியை கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று காவல் காக்க வேண்டியிருக்கும். நம் பள்ளிகளின் கழிப்பறைகள் இருக்கும் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

கார்டின் முடிவு முதற்கட்ட வடிகட்டல் மட்டுமே. அதை ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற, பொருளைத் துல்லியமாக அடையாளம் காணும் கருவி கொண்டு உறுதிசெய்த பிறகே எதையும் சொல்லலாம். மூக்கடைப்புக்கு எடுக்கும் சூடோஎஃபெட்ரின் சில கார்டுகளில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள்போலக் காட்டும். ஆஃப்லாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அபின் வகைப் பட்டையைக் குழப்பிவிடுவதுண்டு. கசகசாவோ உண்மையிலேயே சிறிதளவு மார்பினைச் சிறுநீரில் விட்டுச்செல்லும். அமெரிக்க அரசு 1998-இல் அபின் வகைக்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியதற்குக் கசகசா ஒரு முக்கியக் காரணம். மலிவுக் கார்டுகள் பலவற்றில் பழைய 300 வரம்பே இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குருமாவுக்கு நாம் அரைப்பதும் அதே கசகசாதான்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் 20 பேர் போதை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எடுப்பவர்களில் 95 விழுக்காட்டினரைப் பிடித்து, எடுக்காதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் கார்டு கையில் இருக்கிறது என்றும் கொள்வோம். எடுப்பவர்களில் 19 பேர் சிக்குவார்கள். எடுக்காத 980 பேரில் 49 பேரும் சிக்குவார்கள். ஆக, முடிவு வந்த அன்று தலைமை ஆசிரியர் அறைக்கு அழைக்கப்படும் 68 பேரில் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். உறுதிப்படுத்தும் ஆய்வு முடியும்வரை அவர்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதற்கு எந்த ஆய்வகமும் பொறுப்பேற்காது.

சரி, உண்மையில் பழக்கமுள்ளவர்களாவது சிக்குவார்களா? பெரும்பாலான கார்டுகள் கஞ்சா, கோகைன், ஆம்ஃபெட்டமின், அபின் வகை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றைத் தேடுபவை. மேலைநாட்டு வேலையிடங்களின் தேவைக்காக உருவான பட்டியல் அது. தமிழ்நாட்டில் காவல்துறை மீண்டும் மீண்டும் கைப்பற்றும் வலி மாத்திரையான டாபென்டடால், வழக்கமான அபின் பட்டையில் சிக்குவதில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் ஒயிட்னரையும் முகர்பவனும் சிக்கமாட்டான். உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலத்துக்கு நிகோட்டின் பட்டை தனியாக வேண்டும். சனிக்கிழமை குடித்தவன் திங்கட்கிழமை சாதாரணக் கார்டில் சுத்தமானவனாகத் தெரிவான். கஞ்சா மட்டும், பழகியவர் உடலில் பல நாள், சிலசமயம் வாரக்கணக்கில் தங்கும். இதன் விளைவு ஆபத்தானது: எது சிக்கும், எது சிக்காது என்பதை மாணவர்கள் நம்மைவிட வேகமாகத் தெரிந்துகொள்வார்கள், கஞ்சாவை விட்டுவிட்டு, கார்டில் தெரியாத மாத்திரைக்கோ சாராயத்துக்கோ மாறுவதற்கு நாமே வழி காட்டியவர்கள் ஆவோம்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய தயக்கம், முடிவு வந்த மறுநாளைப் பற்றியது. வெர்னோனியாவில், இரண்டாவது மாதிரியிலும் உறுதியானால் மாணவர் ஆறு வார உதவித் திட்டத்தில் சேரலாம் அல்லது விளையாட்டிலிருந்து சில காலம் விலகலாம்; பள்ளியைவிட்டு நீக்கமுடியாது, முடிவு காவல்துறைக்குப் போகாது. இங்கே நடைமுறை என்ன? பெற்றோரை வரவழைத்து, பள்ளியின் பெயர் கெடும் என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். டி.சி. வாங்கிய பையனுக்குப் பகல் முழுவதும் ஓய்வு, கையில் வேலை இல்லை, பேசுவதற்கு இருப்பவர்கள் மாத்திரை விற்பவர்கள் மட்டும். பள்ளிக்குள் இருக்கும்வரை ஏதாவதொரு ஆசிரியர் அவனைத் திருப்பிக்கொண்டுவர வாய்ப்பிருந்தது.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர் கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாதா என்று சிலர் அரசமைப்பின் 20(3) கூறை எடுத்துக்காட்டுவார்கள். 1961-இல் உச்ச நீதிமன்றம் காத்தி காலு ஓகாட் வழக்கில் கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை சாட்சியம் ஆகா என்று கூறிவிட்டதால் அந்த வாதம் வலுவற்றது. வலுவான வாதம், 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி தீர்ப்பு. அந்த உரிமையில் தலையிட வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் தலையீடு இருக்க வேண்டும். மாணவர்களிடம் கட்டாயமாகச் சிறுநீர் வாங்கும் அதிகாரத்தைப் பள்ளிக்குத் தரும் மத்தியச் சட்டம் ஏதுமில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தீர்மானம் சட்டமாகாது. அத்தோடு, 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி உட்கொள்வதே தண்டனைக்குரியது என்பதால், பள்ளி வைத்திருக்கும் முடிவுத் தாள் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்பதும் சிறு விஷயமன்று.

சட்டமே இயற்றி நடத்தும் நாடும் உண்டு. பிலிப்பைன்ஸ் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் குலுக்கல் முறைப் பரிசோதனையைச் சேர்த்தது. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர்களைப் பொறுத்தவரை அதை ஏற்றது. ஆனால் முடிவைக்கொண்டு மாணவர்மீது வழக்குத் தொடரக்கூடாது என்ற வழிகாட்டு விதியும் அங்கே சேர்ந்தே இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள்தாம் நம்மிடையே அதிகம்.

பரிசோதனை இல்லையென்றால் வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். பள்ளிச் சூழலையும் பரிசோதனையையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆசிரியர்கள் மதிப்போடு நடத்துகிறார்கள், விதிகள் நியாயமானவை என்று மாணவர்கள் உணர்ந்த பள்ளிகளில் கஞ்சாவும் சிகரெட்டும் புதிதாகத் தொடங்குவது குறைந்திருந்தது. பரிசோதனைக்கு அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. குடிப்பழக்கத்தில் இரண்டுமே உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் எழுந்த மாணவரிடம் தொடங்குவதற்குக் குழந்தைநல மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆறு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. போதையிலிருந்த ஒருவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா என்பது முதல் கேள்வி. தனியாக இருக்கும்போது எடுப்பதுண்டா, எடுத்தபின் என்ன செய்தோம் என்று மறந்ததுண்டா, குறைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டாரோ நண்பர்களோ சொன்னதுண்டா என்று அது போகும். டி.சி. கிடைக்காது என்ற நம்பிக்கை இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் இவற்றுக்கு விடை சொல்வார்கள். அதன்பின் மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் பெற்றோரும் பேசலாம். மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால் அங்கே அதற்குப் பொருள் உண்டு, ஏனென்றால் முடிவைப் படிப்பவரும் சிகிச்சை தருபவரும் ஒருவரே.

விற்பவர் பக்கம் சட்டம் போதுமான அளவு கடுமையாகவே இருக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு ஏழாண்டுவரை கடுங்காவல் விதிக்கிறது. தமிழ்நாட்டில் 10581 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையைப் பற்றிப் புகார் எழுதத் தயங்குகிற அதே கூட்டம், உள்ளே இருக்கும் எண்ணூறு பிள்ளைகளின் சிறுநீரைக் கேட்பது எனக்கு விந்தையாக இருக்கிறது.

இதற்குப் பிறகும் தீர்மானம் வரும் என்றால், கையெழுத்திடுமுன் நிர்வாகத்திடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒன்று, கார்டில் சிக்கியவரின் மாதிரியை எந்த ஆய்வகம் உறுதிசெய்யும், அதற்கான செலவு யாருடையது; இரண்டு, முடிவுத் தாளையும் மருந்துப் பட்டியலையும் யார் பூட்டிவைப்பார், எப்போது அழிப்பார்; மூன்று, போதை எடுத்தது உறுதியான மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கமாட்டோம் என்று தலைமை ஆசிரியரும் தாளாளரும் கையொப்பமிடுவார்களா. மூன்றாவதைப் படிக்கும்போதே கூட்டத்தில் பலருக்குப் பரிசோதனையின்மீது இருந்த ஆர்வம் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.